எட்டுப் பேனாவும் ஒரு சொட்டு எண்ணெயும்

"மண்டையைத் திறக்காமலே உள்ளே ஓடுறதை எழுதி வாங்குறதுதான் ஆயாம்மா நம்ம தொழில்" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் டெக்னீஷியன் வரதன் சார். அறுபதுகளின் கடைசியில், என் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுமாதம், ஆஸ்பத்திரியில் மூளைப் படம் எடுக்கிற அறைக்கு நான் ஆயாவாகப் போய்ச் சேர்ந்த முதல் நாள் அது. அவர் சொன்னதில் 'எழுதி வாங்குவது' என்பதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். காகிதத்தில் ஏறிவிட்டது என்றால் அது நிஜம் என்றுதான் எனக்குத் தெரியும்.

அந்த நினைப்பினால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலை என்ற மனுஷனுக்கு வேலை போகப் பார்த்தது. அதுவும் என் கையால். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அப்போது நான் எவ்வளவு பெரிய அசடாக இருந்தேன் என்பது தெரியாவிட்டால் அது உங்களுக்கு விளங்காது. ஆகவே முன்னால் நடந்த சிலதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, 'தாளில் என்ன வருமோ' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மத்தி மீன்

மெஷின் எப்படி என்றால், தலையில் ஒரு ரப்பர் வலையை மாட்டி, சின்னச் சின்ன வெள்ளி வில்லைகளைப் பசை தடவி அங்கங்கே பதிப்பார்கள். நெற்றிக்கு இரண்டு, மற்றவை தலையைச் சுற்றி. வில்லைக்கு ஒரு ஒயர். ஒயர்கள் போய்ச் சேருகிற மேஜையில் எட்டுப் பேனா. மூளையில் உண்டாகிற துளியூண்டு மின்சாரத்துக்குத் தக்கபடி அவை ஆட ஆட, கீழே ஓடுகிற காகிதத்தில் கோடு விழும். படம் என்பது நாங்கள் சொல்லுகிற பேர்தான். வெறும் கோடு.

படிக்க வந்த டாக்டர் பிள்ளைகளுக்குக் காட்ட, வியாதி இல்லாத தலை ஒன்று வேண்டியிருந்தது. பெரிய டாக்டர் என்னைக் கைகாட்டினார். நாற்காலியில் உட்காரவைத்து வலையை மாட்டினார்கள். மகள் கல்யாண விருந்தில் கறி போதவில்லை என்று சம்பந்தியம்மாள் நாலு பேர் முன்னால் சொன்னதை ஒரு மாதமாக மனசில் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். அது தாளில் வந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று, கண்ணை மூடி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாறு மணி உருட்டுவதற்குள், வீட்டில் கழுவிவைத்த மத்தி மீனுக்குத் தட்டு மூடினேனா இல்லையா என்பதில் புத்தி போய்விட்டது. அந்த நேரம் பார்த்து டாக்டர், "நூறிலேர்ந்து ஏழு ஏழாக் குறைச்சுகிட்டே வாங்கம்மா" என்றார். கணக்கென்றாலே எனக்கு நடுக்கம். பேனாக்களின் ஆட்டம் சட்டென்று சின்னதாகிவிட, பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "ஐயா, சம்பந்தியம்மா விஷயத்தை நான் அப்பவே மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அறையே சிரித்தது. பிறகு தலையிலிருந்து பசையைத் துடைத்துவிடும்போது வரதன் சார் தணிந்த குரலில் சொன்னார்: "கண்ணை மூடி ஓய்வா இருந்தீங்க, அப்புறம் கணக்குப் போட்டீங்க. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மத்தபடி நீங்க மாதாவை நினைச்சாலும் மத்தி மீனை நினைச்சாலும் பேனாவுக்கு ஒண்ணுதான் ஆயாம்மா."

யார் கட்சி

அப்படிச் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மாள், தீராத தலைவலி என்று தன் மகனை அழைத்து வந்தாள். மகன் உள்ளே போனதும் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தலைவலி எல்லாம் சாக்கு, கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வந்தவள் சோற்றில் மருந்து கிருந்து வைத்துவிட்டாளா என்று தெரியவேண்டும் என்றாள். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நான் சொன்னது: "கவலப்படாதீங்க, எதுவா இருந்தாலும் தாள்ல வந்துடும்."

தாள் சுத்தமாக வந்தது. தலைவலிக்குக் கண்ணாடி போட்டால் போதும் என்று கண் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் தாளை நேராகப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள். என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகனின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாடா போவலாம். இந்த மிஷினும் அவ கட்சிதான்."

பத்து எண்ணுவதற்குள்

மெஷின் ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. அது எனக்குச் சாமியாகிப் போனதே பூங்காவனம் என்ற சின்னப் பெண்ணால்தான். எண்ணூருக்கு அப்பால் ஒரு குப்பத்திலிருந்து மீன் கூடைக்காரி அஞ்சலை கூட்டிவந்த மகள். ஒன்பது வயசு. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று வாய் நின்றுபோகும், கண் எங்கேயோ நிற்கும். பத்து எண்ணுவதற்குள் திரும்பிவந்து ஒன்றும் நடக்காததுபோல இருப்பாள். பள்ளிக்கூடத்தில் திமிர் என்றார்கள். குப்பத்தில் காத்து கருப்பு என்றார்கள். அஞ்சலை சோம்பேறித்தனம் என்று முதுகில் நாலு அடி வைத்தாள்.

வரதன் சார் அவளை, அடுப்பு ஊதுகிற மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கூடவே ஊதினேன், பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எட்டுப் பேனாவும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் எகிறின. பூங்காவனத்தின் கண் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பேனாக்கள் அடங்கின, பிள்ளை விட்ட இடத்திலிருந்து ஊத ஆரம்பித்தாள். இதுவும் ஒருவகை வலிப்பு, மாத்திரை கொடுத்தால் அடங்கும், பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை என்று பெரிய டாக்டர் அஞ்சலையிடம் பொறுமையாக விளக்கினார்.

அஞ்சலை அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மலை மலையாக எழுந்திருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்: "நான் அட்ச்சதெல்லாம் இதுல எங்கனா எயுதியிருக்குதா சாரே?"

எந்த எண்ணெய்

அன்றிலிருந்து எனக்கு அந்த மெஷினிடம் பக்தியே வந்துவிட்டது. ஆனாலும் அது மனுஷன் செய்தது, கொஞ்சம் கடவுள் துணையும் வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ராயபுரம் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் எரிகிற விளக்கிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவேன். உள்ளே போகும்முன் ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் ஒரு சிலுவை. இந்து, முஸ்லிம் என்று நான் பார்த்ததில்லை. யாரும் வேண்டாம் என்றதும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தலையில் எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது என்பதை வராந்தாவில் கத்திக் கத்திச் சொல்கிற வேலையே என்னுடையதுதான். நம் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நல்லபடியாகப் போகவேண்டும் என்று படியப் படிய எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வருவார்கள். குழாயடிக்கு அழைத்துப்போய்ச் சோப்புப் போட்டு நானே தேய்த்துவிடுவேன். தேய்த்த அதே கையால் சிலுவை போடுவேன். கோயில் எண்ணெய் எண்ணெய்க் கணக்கில் சேராது என்பது என் நினைப்பு.

டோல்கேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் இடுப்பளவு கூந்தலை அப்படித்தான் ஒருநாள் அலசி, துவட்டி, உட்காரவைத்து, குப்பியைத் திறந்தேன். அவள் என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் எண்ணெய கயுவிட்டு உன் எண்ணெய தடவுறியே ஆயா, இது இன்னா நாயம்?"

அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். நான் சிரித்துக்கொண்டே சிலுவையைப் போட்டேன்.

மேலே குந்தினால்

ஏழுமலை வந்தது ஆடி மாசம். கொருக்குப்பேட்டைக்காரர், நாற்பதுக்கு உள்ளே இருக்கும். கூடவே தாஸ் என்கிற கூட்டாளி. முந்தின வாரம் ஒருநாள் மத்தியானம், கிரேனிலிருந்து ஏணி வழியாக இறங்கித் தரையில் கால் வைத்ததும் ஏழுமலை மயங்கி விழுந்திருக்கிறார். வலிப்பா என்று பார்த்துச் சொல்லும்படி அவர்கள் கம்பெனியிலிருந்து சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வலிப்பு என்று எழுதிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் கிரேன் கிடையாது. கீழே சாக்கு தைக்கிற இடத்திலோ, கேட்டிலோ ஒரு மூலையில் உட்காரவைப்பார்கள்.

"சம்பளம் கொறையும்னு இல்ல எக்கா" என்றார் என்னிடம். "கீய நின்னா எவனும் என்னைத் திரும்பிப் பாக்க மாட்டான். மேல குந்திகினா மொத்தக் கப்பலும் என் கையப் பாத்துகினு நிக்கும்."

"ஆமா, மேல போய்ட்டா தொரைக்கு நம்மள கண்ணுக்கே தெரியாது" என்றார் தாஸ். "கீய வந்தாத்தான் மாமு, மச்சான்னு மொறை வரும்." ஏழுமலை சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவர் கை துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வழக்கமாக ஒரு விரல் சிலுவை போடுகிறவள், அன்று குப்பியைச் சாய்த்து இரண்டு புருவத்துக்கும் மேலே நன்றாகத் தடவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்ட ஏழுமலை, "தாராளமாப் போடு எக்கா, எந்தச் சாமின்னாலும் செரி" என்றார்.

குதித்த பேனாக்கள்

அன்று வரதன் சார் லீவு. பெரிய டாக்டரும் வெளியூர். வேறு பிரிவிலிருந்து ஒருவரை மெஷினுக்கு அனுப்பியிருந்தார்கள், தாளைப் பார்க்க ஒரு சின்ன டாக்டர். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். வேலைதான் புதுசு.

பேனாக்கள் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடின. அப்புறம் நெற்றி வில்லைகளுக்கு உண்டான பேனா இரண்டும் விசுக் விசுக்கென்று குத்திக்கொண்டு எழுந்தன. அடங்கின, மறுபடி குத்தின. சின்ன டாக்டர் முகம் மாறிவிட்டது. நான் ஓர் ஓரத்தில் நின்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிக்கொண்டே எழுதினார்: வலிப்பாக இருக்கலாம், உயரத்தில் வேலை கொடுக்கவேண்டாம். நானே பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பூங்காவனத்துக்குச் சொன்ன மெஷின் இவருக்கும் சொல்லிவிட்டது, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

வெளியே வந்து தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார் ஏழுமலை. தாஸ்தான் ஏதேதோ பேசினார், வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர் என்று. ஏழுமலை கேட்கவே இல்லை. படி இறங்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் சொன்னா பொய்யுன்னுவாங்க எக்கா. மிஷினே எயுதிக் குட்த்துட்ச்சே."

கூண்டில் சொன்னது

சாயங்காலம் வில்லைகளைக் கழுவ உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் பசை தண்ணீரில் கரைந்து போனது. இரண்டு மட்டும் வழுக்கின. தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. நெற்றிக்கு வைக்கிற இரண்டு. விரலை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் மெழுகுவத்திப் புகையும் கலந்த வாசனை. எங்கள் கோயில் வாசனை. வில்லை சரியாகப் பிடிக்காமல் வழுக்கியதில்தான் பேனா குதித்திருக்கிறது என்று புரிய, எனக்கு எட்டாம் வகுப்பே தாராளமாகப் போதும்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். கடைசிப் பையன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். பெரிய டாக்டர் ஊரிலிருந்து திரும்பிவந்து நாலு நாள் ஆகியும் அவர் முன்னால் துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தேன். 'தாயே, அந்தத் தாளை நீயே மாத்திக் கொடு' என்று ஜெபம் வேறு. நான் பண்ணிய தப்பைத் திருத்த மாதாவை வேலைக்கு அனுப்பினேன். அதற்குள் ஏழுமலையை ஏணியில் ஏற விடாமல் கேட்டில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று தாஸ் மருந்து வாங்க வந்தபோது சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லக் கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் வயசானவர், யார் எவ்வளவு அழுதாலும் குரல் மாறாது. எண்ணெய், வில்லை, பேனா, கிரேன் எல்லாவற்றையும் தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தேன். பத்து ஜெபமாலை சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று காத்திருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே குரலில் சொன்னார்: "கடவுள் மன்னிச்சிடுவார் ரெஜினா. ஆனா அவர் கையெழுத்துப் போட்டா கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

பதினோரு மாசம்

திங்கட்கிழமை பெரிய டாக்டரின் மேஜையில் குப்பியை வைத்தேன். வரதன் சாரும் அங்கேதான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எத்தனை நாளா நடக்குது?" என்றார். பதினோரு மாசம் என்றேன். அப்படியென்றால் இத்தனை மாசத் தாளும் கெட்டதா என்று அவர் முகம் கறுத்துப்போனது.

வரதன் சார் தொண்டையைச் செருமினார். "கெடலை சார். இவங்க தடவி அனுப்புறதை நான்தான் தெனம் ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுட்டு வில்லை வைக்கிறேன். ஆயாம்மா மனசு நோகுமேன்னு சொல்லலை."

யாரும் கேட்காதது

மறுநாளே ஏழுமலையை வரவழைத்தார்கள். தாஸும் வந்தார். இந்தத் தடவை பஞ்சையும் ஸ்பிரிட்டையும் டாக்டர் என் கையில் கொடுத்து, "நீங்களே துடைங்க" என்றார். இரண்டு புருவத்துக்கும் மேலே அழுத்தித் துடைத்தேன். பேனாக்கள் எட்டும் கடைசிவரை சாதுவாக ஓடின. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஸ்தோத்திரம், பொழைச்சிட்டார்" என்றேன். டாக்டர் கையைக் காட்டி என்னை அடக்கினார். "தாள் சுத்தமா இருக்கிறதை மட்டும் வெச்சு இவரை மேலே ஏத்த மாட்டேன். வலிப்பு இருக்கிறவங்களுக்குக்கூட எடுக்கிற அன்னிக்குத் தாள் சுத்தமா வந்துடும். அன்னிக்கு விழுந்ததைப் பார்த்தவர் யாரு?"

தாஸ் முன்னால் வந்தார். போன தடவையும் அவர் வராந்தாவில்தான் இருந்தார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஏன், நானும்தான் கேட்கவில்லை. "கண்ணு இருட்டுதுடா மாமுன்னான் சார். மூஞ்சி வெளுத்துப் போச்சு, வேத்து ஊத்திச்சு, அப்டியே சாஞ்சான். கை காலு இயுத்துக்கல. தண்ணி தெளிச்ச ஒடனே முய்ச்சுகினு, நிஜாரை ஏன்டா நனச்சேன்னு என்னாண்ட சண்டைக்கு வந்தான்." நாக்கைக் கடித்துக்கொண்டாரா என்று டாக்டர் கேட்டார். "நாக்குக்கு ஒண்ணும் ஆவல சார். அவனாண்ட அது ஒண்ணுதான் எப்பவும் ஸோக்கா வேலை செய்யும்."

டாக்டர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டே?" ஏழுமலை தரையைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். முந்தின நாள்? ராத்திரி கொஞ்சம் பால். அதற்கும் முந்தின நாள்? மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. பெண்சாதி பிரசவத்தில் தவித்தபோது அம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம், ஆடியில் கூழ் ஊற்றுகிற நாள் வரை பகலில் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று. அந்த வெயிலில், இரும்புக் கூண்டுக்குள், பதினாறு நாள். "இதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?" என்று டாக்டர் கேட்டதற்கு, "விரதத்தால வியுந்தேன்னு சொன்னா அம்மா மேலயே பயி போட்ட மாரி ஆவாதா சார்?" என்றார்.

நான் மாதாவுக்காக எண்ணெய் தடவினேன், அவர் அம்மனுக்காக வாயை மூடிக்கொண்டார். எங்கள் இரண்டு பேர் பக்திக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மெஷின் என்னதான் செய்யும்? மூன்று மாசம் பார்ப்போம், மறுபடி மயக்கம் வராவிட்டால் கிரேனுக்குப் போகலாம், விரத நாளில் மட்டும் மேலே ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதினார். அம்மன் கோபித்துக்கொள்வாளே என்று ஏழுமலை தயங்க, டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாத சாமி. ஆனாலும் நான் மூன்று பிள்ளை பெற்றவள். "புள்ள பசியில கீழ விழறதை எந்த அம்மாப்பா கேட்டா?" என்றேன். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் தாளைக் காட்டிச் சொன்னார்: "இவர் தலைக்குள்ள ஓடுன மின்சாரம் எல்லாம் இதுல இருக்கு. பதினாறு நாள் பட்டினி இதுல எங்கே இருக்கு, காட்டு பார்க்கலாம்."

கோபுரம்

என் வேலை போகவில்லை. போகாதது மட்டுமில்லை, கூடிவிட்டது. அன்றிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் என் பொறுப்பு. அதோடு ஒரு கோடு போட்ட நோட்டும் கொடுத்தார்கள். வராந்தாவில் காத்திருக்கிறவர்களிடம், விழுந்தது எப்போது, யார் பார்த்தது, அன்றைக்கு என்ன சாப்பிட்டது, வீட்டில் என்ன சண்டை என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும். எங்களிடம் சொல்லாததை எல்லாம் உங்களிடம் சொல்கிறார்கள் என்றார் பெரிய டாக்டர். என் எழுத்துக் கோழி கிளறியது போல இருக்கும். அதையும் அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசிப்பார். குப்பியை மாதாவிடமே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஏழுமலை வந்தார், நனைந்துகொண்டே. முந்தின நாள்தான் மேலே ஏற விட்டார்களாம். கையில் லட்டோ பூமாலையோ ஒன்றும் இல்லை, நல்லவேளை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "மேல குந்திகினா உங்க மாதா கோயிலு கோபுரம் ஸோக்காத் தெரியுது எக்கா. தெனம் ஒரு கும்புடு போட்டுக்கிறேன். எண்ணெ மட்டும் வேணாம்னு சொல்லிடு."

பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து அவரவர் வீட்டோடு இருக்கிறார்கள், நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் பிறத்தியார் மூளையை எழுதி வாங்கியதில், கோளாறு இருந்த மண்டை என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது என்னுடையது ஒன்றுதான். ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே: யாரையாவது மூளைப் படத்துக்கு அழைத்துப்போனால், தலையைச் சீயக்காய் போட்டு நன்றாக அலசிவிடுங்கள், அன்றைக்கு அவர் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவரையும் கையோடு கூட்டிப்போங்கள்.